ஓட்டு வீடும் ஓட்டுக் கேட்க வந்தவரும்

குமரி மாவட்ட வாசகர்களிடமிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி மழையைப் பற்றி, மீதியில் பாதி கரண்ட் பில்லைப் பற்றி. இடையில் ஒருவர் என் வீட்டையே இழுத்திருக்கிறார், அவருக்குக் கடைசியில் பதில்.

எங்களுடையது அப்பா கட்டிய ஓட்டு வீடு, ஐம்பது வருஷம் தாண்டிவிட்டது. இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கினால் நாலு இடத்தில் ஒழுகும். மகன் இடித்துவிட்டு கான்கிரீட் போடுவோம் என்கிறான். மைத்துனர் மேலே டிரஸ் (இரும்புச் சட்டம்) அடித்து ஷீட் போடச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், அருமனை

சார், இப்போதைக்கு இரண்டு பேரையும் விடுங்கள், ஓட்டைப் பாருங்கள். நல்ல மழை பெய்கிற ஒரு மத்தியானம் வீட்டு லைட்டை எல்லாம் அணைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தால் எந்த இடுக்கில் வெளிச்சம் தெரிகிறதோ அதுவே பாதி விடை. சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே உள்ள ஓட்டை மாற்றிவிட்டு ‘மறுபடியும் ஒழுகுது’ என்று புலம்புகிறவர்கள்தான் அதிகம். தண்ணீர் ஒரு இடத்தில் உள்ளே வரும், ஓட்டைத் தாங்குகிற பட்டியலைப் பிடித்துக்கொண்டு நாலடி நடந்து வேறொரு இடத்தில் சொட்டும். மரத்தில் ஈரத்தடம் எங்கே தொடங்குகிறது என்று டார்ச் அடித்துப் பார்த்து சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வையுங்கள். உங்களிடம் சாக்பீஸுக்குப் பஞ்சம் இருக்காது.

நான் பார்த்த வரையில் காரணம் எப்போதும் அதே நாலைந்துதான். தேங்காய் போட ஏறியவன் மிதித்து விரிசல் விட்ட ஓடு, காற்றில் நகர்ந்த ஓடு, ஓட்டின் பள்ளத்தில் பாசி பிடித்துத் தண்ணீரைத் தேக்குவது, முகட்டில் வைத்த சாந்து வெடித்துக் கிடப்பது. எல்லாவற்றுக்கும் மேலே, இரண்டு கூரை சேருகிற பள்ளத்தில் போட்ட தகரம். அதன் மேல் ரப்பர் இலையும் பலா இலையும் மக்கிக் கிடக்கும், அடியில் தகரம் சல்லடையாகியிருக்கும். தகரத்தை மாற்ற ஒரு நாள் வேலை. ஓடு வாங்கும்போது மட்டும் பழைய ஓடு ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். ஒரு கம்பெனி ஓடு இன்னொரு கம்பெனி ஓட்டோடு சரியாகக் கொளுவாது. பழைய வீடு இடிக்கிற இடத்தில் கேட்டால் அதே முத்திரை போட்ட ஓடு கிடைக்க வாய்ப்பு உண்டு.

அப்புறம் மரம். ஒரு ஸ்க்ரூ டிரைவரால் சுவரில் உட்காருகிற இடங்களில் குத்திப் பாருங்கள். இறங்காமல் நின்றால் அந்த மரம் உங்கள் பேரன் காலத்துக்கும் நிற்கும். பொதபொதவென்று இறங்கினால் மகன் சொல்வதை யோசிக்கலாம். டிரஸ் என்பது கான்கிரீட் மேல் தளம் ஒழுகுகிறவர்களுக்கு வந்த வைத்தியம். ஓட்டு வீட்டுக்கு மேல் போட வேண்டுமென்றால் தனியாகத் தூண் எழுப்ப வேண்டும், அந்தச் செலவில் ஓடு முழுவதையும் இறக்கி மாற்றிவிடலாம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது ஷீட்டுகள் பறந்து போய் எந்த மரத்தில் தொங்கின என்பதை நம் ஊரில் யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை.

கேரளாவில் மூளையைத் தின்னும் அமீபா என்று செய்தி வந்ததிலிருந்து பாறசாலையில் இருக்கும் நாத்தனார் தினமும் போன் பண்ணி, கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடு, போடு என்கிறாள். எவ்வளவு போடுவது என்று கேட்டால் ‘கொஞ்சம்’ என்கிறாள். கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா?
— வாசகி, களியக்காவிளை

அக்கா, முதலில் ஒரு விஷயம். அந்த அமீபா குடிக்கிற தண்ணீர் வழியாக வயிற்றுக்குப் போய் ஒன்றும் செய்வதில்லை. மூக்கு வழியாக ஏறினால்தான் ஆபத்து. வெதுவெதுப்பான, தேங்கிக் கிடக்கிற நன்னீரில் பையன்கள் தலைகீழாகக் குதிக்கிறார்களே, கவலைப்பட வேண்டியது அதற்குத்தான். காய்ச்சாத தண்ணீரை மூக்கில் உறிஞ்சிக் கழுவுகிற பழக்கம் யாருக்காவது இருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

ஆனாலும் நாத்தனார் சொன்னது வீண் இல்லை. வேறு எத்தனையோ கிருமிகள் இருக்கின்றன, பிளீச்சிங் பவுடர் போடுவது நல்லதுதான். ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று கணக்குப் போடுவோம். கிணற்றின் குறுக்களவையும் தண்ணீரின் ஆழத்தையும் மீட்டரில் எடுங்கள். குறுக்களவை அதாலேயே பெருக்கி, ஆழத்தால் பெருக்கி, 3.14ஆல் பெருக்கி, நாலால் வகுத்தால் கனமீட்டர் வரும். இரண்டு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் தண்ணீர் என்றால் 9.42, அதாவது சுமார் 9,400 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் என்று வைத்தால் 24 கிராம் போதும். பலர் ஒரு சிரட்டை நிறைய அள்ளிப் போட்டுவிட்டு, தண்ணீர் நாறுகிறது என்று மூன்று நாள் பக்கத்து வீட்டில் போய்த் தண்ணீர் இறைக்கிறார்கள்.

பவுடரை அப்படியே தூவவும் கூடாது. வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழம்பு மாதிரி கரைத்து, பிறகு முக்கால் வாளி தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிஷம் வையுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் இன்னொரு வாளியில் இறுத்து, அந்த வாளியைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, தண்ணீருக்குள் மேலும் கீழுமாக நாலு தடவை ஆட்டுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தண்ணீர் இறைக்கலாம். ராத்திரி போட்டால் காலை வரை யாரும் தொட மாட்டார்கள், அது இன்னும் வசதி. பவுடர் பழையதாக, கட்டி பிடித்துப் போனதாக இருந்தால் வீரியம் போயிருக்கும், புதிதாக வாங்குங்கள்.

குடிக்கிற தண்ணீரை எப்படியும் காய்ச்சிக் குடியுங்கள். கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் 50 அடி இடைவெளி வேண்டும் என்பார்கள். நம் ஐந்து சென்ட் மனை மொத்தமே 2,178 சதுர அடி, அதில் வீட்டையும் கட்டிவிட்டு 50 அடிக்கு எங்கே போவது? நம் டேங்கை நாம் தள்ளி வைத்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் டேங்க் நம் கிணற்றுக்குப் பக்கத்தில் இருக்கும்.

வீட்டில் ஒரே ஒரு ஏசிதான். போன தடவை 490 யூனிட், இந்தத் தடவை 520 யூனிட். முப்பது யூனிட்டுக்கு இவ்வளவு பணமா? மாதாமாதம் ரீடிங் எடுத்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா?
— மின்வாரியத்தின் மேல் கோபத்தில் இருப்பவர், மார்த்தாண்டம்

500 என்பது வெறும் எண் இல்லை, அது ஒரு வாசல்படி. அதைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, கீழே 101 முதல் 200 வரை கிடைத்த சலுகை விலையும் போய்விடும். 2022 செப்டம்பரில் வந்த விலைப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். ஒற்றை யூனிட் 233 ரூபாய்! பிறகு விலை இன்னும் ஏறியிருக்கிறது, வாசல்படி அதே இடத்தில்தான் இருக்கிறது. அதனால் ரீடிங் எடுக்க வருவதற்குப் பத்து நாள் முன்பே நீங்களே மீட்டரைப் பார்த்துவிடுங்கள். 460, 470 என்று நின்றால் ஏசியை விட்டுவிட்டு மின்விசிறியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மாதாந்திரக் கணக்கெடுப்பை 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. சொன்னது. ரீடிங் எடுப்பவர் இன்னும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறார். அதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு, ஆனால் கேட்கும்போது இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: மாதக் கணக்கு வந்தால் 100 யூனிட் இலவசம் மாதத்துக்கு 100 ஆகுமா, பாதியாக்கி 50 ஆகுமா? பாதியாக்கினால் நமக்கு லாபம் ஒன்றும் இல்லை. ஏப்ரலில் அதிகம், மே மாதம் ஊருக்குப் போனதால் குறைவு என்கிற வீட்டில் இரண்டு மாதத்தையும் சேர்த்துப் போடுவதே நல்லது, தனித்தனியாகப் போட்டால் ஏப்ரல் பில் தலையில் இடிக்கும். மேடையில் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைச் சொல்ல மாட்டார்கள்.

கல்யாணமாகி நெய்யாற்றின்கரைக்குப் போன மகள் ரேஷன் கார்டில் பெயரை இன்னும் இங்கேயே வைத்திருக்கிறாள். இருக்கட்டுமா?
— ஒரு தாய், கொல்லங்கோடு

எடுத்துவிடுங்கள். அரிசிக்காக இல்லாவிட்டாலும், அங்கே அவளுக்கு ஒரு ஆவணமும் நகராது.

எங்கள் தெருவில் நாலு மாதமாகத் தெருவிளக்கு எரியவில்லை. கரண்ட் ஆபீஸில் பஞ்சாயத்தைக் கேள் என்கிறார்கள், பஞ்சாயத்தில் ஆள் இல்லை. ரோடு தாண்டினால் கேரளா, அங்கே வார்டு மெம்பரிடம் சொன்னால் மறுநாள் எரிகிறது. நாம் அங்கேயே இருந்திருக்கலாமோ?
— வாசகர், விளவங்கோடு தாலுகா

கடைசி வரியை விளையாட்டாக எழுதினீர்களா, வினையாக எழுதினீர்களா தெரியவில்லை. தமிழ்நாட்டோடு சேரப் போராடி 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் விழுந்தவர்களின் குடும்பங்கள் இன்னும் இந்த ஊர்களில்தான் இருக்கின்றன. 1956 நவம்பர் 1 அன்று நாம் இந்தப் பக்கம் வந்தோம். விளக்கு எரியவில்லை என்பதற்காக அந்தப் போராட்டத்தின் தலைவர் நேசமணியைக் கேள்வி கேட்க வேண்டாம்.

ஆனால் உங்கள் வயிற்றெரிச்சல் நியாயமானது, அதற்குக் காரணமும் இருக்கிறது. கேரளத்தில் 2020 டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது, 2025 டிசம்பரில் மறுபடியும் நடந்தது. ஐந்து வருஷம், கடிகாரம் மாதிரி. நம் மாவட்டத்தில் கிராம ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில் ஓட்டுப் போட்டோம், 2025 ஜனவரி 5 அன்று அவர்கள் பதவிக்காலம் முடிந்தது, உடனே தேர்தல் வரவில்லை, தனி அலுவலர் வந்தார். ‘பஞ்சாயத்தில் ஆள் இல்லை’ என்று நீங்கள் எழுதியது இதைத்தான். தனி அலுவலர் கெட்டவர் என்று சொல்லவில்லை, ஆனால் ஒரு பல்ப் ஃபியூஸ் ஆனதற்காக அவர் வீட்டு வாசலில் போய் ‘அண்ணே’ என்று கூப்பிட முடியாதே. மெம்பரை டீக்கடையில் பிடிக்கலாம், அதில்தான் வித்தியாசம். சென்னையில் யார் முதலமைச்சர் என்று சண்டை போடுகிற நாம், பஞ்சாயத்துத் தேர்தல் எப்போது என்று ஓட்டுக் கேட்க வந்தவரிடம் ஒரு தடவையாவது கேட்டோமா?

பேரூராட்சியில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அங்கே 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்து கவுன்சிலர்கள் வந்தார்கள். நம் மாவட்டத்தில் பேரூராட்சிகள் ஏராளம், தெருவின் ஒரு பக்கம் பேரூராட்சி, மறு பக்கம் ஊராட்சி என்று இருப்பதும் உண்டு. வீட்டு வரி ரசீதில் பெயரைப் பார்த்துவிட்டு யாரைப் பிடிப்பது என்று முடிவு செய்யுங்கள்.

இனி உங்கள் விளக்கு. கரண்ட் ஆபீஸில் சொன்னது பொய்யில்லை, கம்பியும் கரண்டும் அவர்களுடையது, பல்பும் அதை மாட்டுகிற பட்டியும் உள்ளாட்சியுடையது. விளக்கு மாட்டிய போஸ்டில் பெயின்ட்டால் ஒரு எண் எழுதியிருக்கும், பாசி படிந்திருந்தால் துடைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ‘எங்கள் தெரு விளக்கு’ என்று எழுதிய மனு தூங்கும், போஸ்ட் எண் போட்ட மனு கொஞ்சமாவது நகரும். முதலில் ஊராட்சி செயலரிடம் எழுத்தில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாரம் ஒன்று போனால் முதலமைச்சர் உதவி மைய எண் 1100க்கு அடித்து அந்தத் தேதியைச் சொல்லுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாள். போஸ்டே சாய்ந்திருக்கிறது, கம்பி தொங்குகிறது என்றால் அது மின்வாரியத்தின் வேலை, அவர்களுடைய புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987.

இன்னொன்று, நவம்பர் 1 நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள் மட்டுமல்ல, இப்போது கிராம சபை கூடுகிற நாளும்கூட. வருஷத்துக்கு ஆறு நாள், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. போன தடவை எங்கள் ஊர் சபைக்குப் போனேன், நாற்காலி அறுபது, ஆள் இருபத்திரண்டு, அதில் பாதிப் பேர் நூறு நாள் வேலைக்கு வந்த அக்காக்கள். அவர்கள் கேட்ட கேள்விக்குத்தான் அங்கே பதில் கிடைத்தது. வீட்டுக்காரர்கள் யாரும் வரவில்லை.

நெய்யாறு இடதுகரைச் சானலில் தண்ணீர் வந்த காலத்தில் எங்கள் கிணறு கோடையிலும் நிறைந்து கிடக்கும். இப்போது மார்ச்சிலேயே தரை தெரிகிறது. இனி வருமா?
— விவசாயி, விளவங்கோடு பக்கம்

2004இல் கேரளம் நிறுத்தியது, 2012இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. விளவங்கோட்டில் 9,200 ஏக்கர் அந்தத் தண்ணீரை நம்பியிருந்தது. நெய்யாறு முழுக்க எங்கள் மாநில ஆறு என்பது அவர்கள் வாதம். திட்டம் போட்டபோது இரண்டும் ஒரே மாநிலமாக இருந்ததே என்பது நம் வாதம். நம் வாதம்தான் சரி என்று எனக்குப் படுகிறது, ஆனால் இரண்டு பக்கமும் எத்தனை ஆட்சி மாறியும் சானலில் புல்தான் முளைத்திருக்கிறது. தேர்தல் வந்தால் மட்டும் அந்தப் புல்லுக்குள் ஜீப் வரும். தீர்ப்பை எதிர்பார்த்துக் கிணற்றைக் காயவிட வேண்டாம். கூரைத் தண்ணீரை ஒரு குழாயில் இறக்கி, மணலும் சரளையும் போட்ட தொட்டியில் வடிகட்டிக் கிணற்றுக்குள் விடுங்கள். இரண்டு பருவமழையும் கிடைக்கிற மாவட்டம் இது, ஓடுகிற தண்ணீரை எல்லாம் கடலுக்கு விட்டுவிட்டு மார்ச்சில் வானத்தைப் பார்க்கிறோம். முதல் மழைத் தண்ணீரை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள், அதில் காக்கை எச்சமும் பாசியும் இருக்கும்.

எங்கள் காலி மனையில் ராத்திரியோடு ராத்திரியாகக் கேரளக் கழிவைக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். என்ன செய்ய?
— மனைக்காரர், பளுகல்

முதல் வேலை, கொளுத்தாதீர்கள். கொளுத்தினால் புகை உங்களுக்கு, சாட்சியும் போச்சு. 2024 டிசம்பரில் நெல்லைப் பக்கம் மருத்துவக் கழிவைக் கொட்டியபோது யாருடையது என்று காட்டிக் கொடுத்ததே குப்பைக்குள் கிடந்த காகிதங்கள்தான். பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது, டிசம்பர் 22 அன்று கேரளத்திலிருந்தே ஆள் வந்து லாரியில் திரும்ப அள்ளிக்கொண்டு போனார்கள். அதற்கடுத்த வருஷம் மருத்துவக் கழிவைக் கொட்டுகிறவர்களைக் குண்டர் சட்டத்தில் பிடிக்கவும் இங்கே சட்டத்தைத் திருத்தினார்கள். அதனால் கையுறை போட்டுக்கொண்டு, குச்சியால் கிளறி, பில், கவர், லேபிள் எது கிடைத்தாலும் போட்டோ எடுத்துப் போலீஸுக்கும் உள்ளாட்சிக்கும் சேர்த்துக் கொடுங்கள். ஊசி தெரிந்தால் கிளறவே வேண்டாம்.

நம் மலையை உடைத்த கல் அந்தப் பக்கம் போகிறது, விழிஞ்ஞம் துறைமுகத்துக்கும் போயிருக்கிறது, திரும்பி வரும்போது இதுவா என்று எல்லோருக்கும் கோபம். சரிதான். ஆனால் பளுகலில் கிடக்கிற கோழிக் கழிவு எல்லாம் எல்லை தாண்டி வந்தது என்று சத்தியம் பண்ண நான் தயாரில்லை. மனைக்கு ஒரு முள்வேலியாவது போடுங்கள்.

தாத்தா காலத்துப் பிரமாணம் (பத்திரம்) முழுக்க மலையாளத்தில் இருக்கிறது. பட்டாவில் ஏர் கணக்கு, பிரமாணத்தில் சென்ட் கணக்கு. மூன்று சென்ட் இடிக்கிறது.
— வாசகர், குலசேகரம்

ஒரு ஏர் 2.47 சென்ட், முதலில் இதைப் போட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்கு இடித்த சென்ட் இங்கேயே கிடைத்துவிடும். கிடைக்கவில்லை என்றால், பிரமாணத்தில் பழைய சர்வே எண் இருக்கும், பட்டாவில் ரீசர்வே எண் இருக்கும், இரண்டுக்கும் எது எது என்கிற பட்டியலைத் தாலுகா அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். பிரமாணத்தைப் படிக்க மலையாளம் தெரிந்த பையன் போதாது, பழைய பத்திரக் கையெழுத்து பழகிய எழுத்தர் ஒருவர் வேண்டும். அவர்கள் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது, அதனால் தள்ளிப் போடாதீர்கள். நாலு எல்லையும் சொல்கிற வரிகளை மட்டுமாவது முதலில் தமிழில் எழுதி வாங்கிவிடுங்கள்.

ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிறீர்களே, உங்கள் வீடு ஒழுகாதா? கொத்தனார் உங்களுக்கு மட்டும் உடனே கிடைத்துவிடுவாரா?
— குறும்பான வாசகர், தக்கலை

ஒழுகும். பீரோவுக்கு இடது பக்கம், சரியாக ஒரு சருவம் வைக்கிற இடத்தில்.

கொத்தனார் விஷயத்தில் நானும் உங்கள் கட்சிதான். ரிசர்வ் வங்கி போட்ட கணக்கில் 2021-22இல் கிராமப்புறக் கட்டட வேலைக்குக் கேரளத்தில் சராசரி நாள் கூலி 837.70 ரூபாய், தமிழ்நாட்டில் 478.60. அரை மணி நேரம் பஸ்ஸில் போனால் கூலி ஒன்றே முக்கால் மடங்கு என்றால் யார்தான் போக மாட்டார்கள்? எங்கள் தெருவில் மூன்று கொத்தனார்கள் இருக்கிறார்கள், மூவரும் விடியற்காலை களியக்காவிளை பஸ்ஸில் ஏறி ராத்திரிதான் இறங்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஊரில் இருப்பார்கள், அன்றைக்குக் கோயில், கல்யாணம், இல்லையென்றால் மழை.

என் கொத்தனார் போன சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் மாட்டினார். “நாளைக்கு வாறேன், ஓடு வாங்கி வையுங்க” என்றார். வாங்கி வைத்தேன், பன்னிரண்டு ஓடு. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் தொடங்கிய மழை சாயங்காலம்தான் விட்டது. ஓடு பன்னிரண்டும் திண்ணையில் இருக்கின்றன, அவற்றின் மேல் பூனை படுத்திருக்கிறது.